சும்மா பாசி இல்லை: தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மெல்பேர்ன், சிட்னி, அடிலெய்ட், பேர்த், ஹோபார்ட் நகரங்களில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்கள், ஆசிரியர்கள், பெற்றோருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு தமிழ்ப் பாடசாலையின் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். மத்திய பிரிவுக்குக் கொடுத்த தலைப்பு 'நாம் வாழும் நாட்டின் இயற்கைச் செல்வம்'. பதினொரு பிள்ளைகள் பேசினார்கள். அதில் ஏழு பேர் வடக்கே உள்ள பவளப்பாறைத் தொடரான பாரியர் ரீஃபைப் பற்றிப் பேசினார்கள். ஏழு பேச்சிலும் அதே 2,300 கிலோமீற்றர் நீளம், அதே பவளம் வெளிறுதல், அதே கோமாளி மீன். ஒரு பிள்ளை நடுவில் தடுமாற, முன்வரிசையில் இருந்த தாய் வாயசைத்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். குறை சொல்லவில்லை. நானும் என் மகளுக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்தவன்.

போட்டி முடிந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஏழு பேரில் ஒருவனிடம் வீடு எங்கே என்று கேட்டேன். மென்டோன் என்றான். மெல்பேர்னின் ஒரு புறநகர், கடற்கரைக்கு நடந்தே போகலாம்.

"கடலுக்குப் போறனீங்களோ?"

"ஓம் மாமா, ஃபிஷ் அன்ட் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போவம்."

"அந்தக் கடலுக்குள்ள என்ன இருக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "ஒண்டும் இல்லை மாமா. சும்மா பாசி."

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

அவன் 'சும்மா பாசி' என்று சொன்னது குயின்ஸ்லாந்து எல்லைக்குக் கிட்டத் தொடங்கி, சிட்னியையும் மெல்பேர்னையும் கடந்து, தஸ்மேனியாவை ஒரு சுற்றுச் சுற்றி, அடிலெய்ட், பேர்த் வழியாக மேற்கே கல்பாரி வரை போகிற, ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் நீளக் கரையோரப் பாறைத் தொடரில் நிற்கும் காட்டின் ஒரு மூலை. அந்தப் பாறைப் பரப்பு 71,000 சதுர கிலோமீற்றர் அளவில் வரும் என்று கணித்திருக்கிறார்கள். இலங்கை முழுவதையும் அதற்குள் வைத்தாலும் மிச்சம் இருக்கும். இந்த நாட்டு மக்களில் பத்துக்கு ஏழு பேர் அதிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் வாழ்கிறார்கள். நம்மவர்களில் அந்தப் பங்கு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். நாம் குடியேறியதே இந்தத் தென்கரை நகரங்களில்தானே.

இத்தனை பெரிய பொருளுக்கு 2016 வரை ஒரு பொதுப்பெயர் இருக்கவில்லை. அந்த ஆண்டு கடலியல் ஆய்வாளர் சிலர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, 'கிரேட் சதர்ன் ரீஃப்' என்று பெயர் வைத்தார்கள். மீன்பிடியாலும் சுற்றுலாவாலும் ஆண்டுக்கு 1,000 கோடி டொலருக்கு மேல் தருகிற கடற்பரப்பை நாடு கண்டுகொள்ளவில்லை என்பதே அவர்களின் முறைப்பாடு. பெயர் வைத்தால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வடக்கே உள்ள பவளத்துக்குப் பெயரும் புகழும் இருந்ததால்தான் 2018இல் ஒரே அறக்கட்டளைக்கு 44 கோடி டொலருக்கு மேல் ஒரேயடியாகக் கிடைத்தது. பவளத்துக்குக் கொடுத்தது பிழை என்று நான் சொல்லவில்லை. தெற்கே இருப்பதும் அதே நாட்டின் கடல்தானே என்கிறேன்.

தமிழில் இதற்குப் பெயர் வைப்பது அவ்வளவு கடினமில்லை. 'பவளப்பாறை' என்ற சொல் இங்கே உதவாது, ஏனென்றால் இது பவளம் கட்டிய பாறையல்ல. சாதாரண மணற்கல்லும் கருங்கல்லும், அதன்மேல் பாசிக்காடும். ஆனால் நம் கடலோடிகளிடம் 'பார்' என்ற சொல் இருக்கிறது. முத்துச் சிப்பி கிடந்த இடம் முத்துப் பார். கடலடியில் கல் நிமிர்ந்து மீன் கூடுகிற இடமெல்லாம் பார்தான். அதனால் 'தென்பெரும் பார்' என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் சண்டை பிடிக்காமல் ஏற்றுக்கொள்வேன்.

அந்தப் பாசிக்காட்டுக்கு, அதாவது கெல்ப் என்ற பெரும் கடற்பாசியின் காட்டுக்கு? எங்கள் ஊரில் கரையொதுங்கும் கடற்புல்லையும் பாசியையும் வேறுபாடு பார்க்காமல் சாதாழை என்போம். அம்மப்பா அதை வண்டியில் அள்ளிக்கொண்டு வந்து தென்னைக்குத் தாழ்ப்பார். அந்த உப்பு நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது. 'சாதாழைக் காடு' என்றால் என் வயதுக்காரருக்கு உடனே விளங்கும். இராமநாதபுரக் கரையில் பாசி எடுக்கும் பெண்களிடம் இன்னும் நுணுக்கமான சொற்கள் உண்டு: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. இதில் கட்டக்கோரை, சிட்னிக் கரையில் வளரும் கிரேவீட் என்ற பாசிக்குச் சொந்தக்காரன். இரண்டும் ஒரே வரிசையில் வருபவை. ஆக, மென்டோன் பையனின் பாட்டனோ பூட்டனோ கையால் தொட்டுப் பெயர் சொல்லிய குடும்பத்தைத்தான் அவன் 'சும்மா' என்று தள்ளிவிட்டுப் போகிறான்.

இனி இந்தக் காட்டுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே கதையல்ல. எனக்குக் கொஞ்சம் கிட்டத் தெரிந்தது தஸ்மேனியா.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு தஸ்மேனியாவின் தென்கிழக்கே ஃபோர்ட்டஸ்கியூ விரிகுடாவுக்குப் போனோம். படகு ஓட்டியவர் எழுபதைத் தாண்டியவர். தண்ணீரைக் காட்டி, ஒரு காலத்தில் இங்கே பாசி இயந்திர விசிறியில் சுற்றிக்கொள்ளும், வழி தேடித்தான் படகு விட வேண்டும் என்றார். நான் எட்டிப் பார்த்தேன். தெளிந்த நீலத் தண்ணீர். மனைவி "எவ்வளவு வடிவாயிருக்கு" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தெளிவுதான் இழப்பு என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

அங்கே நின்றது இராட்சதக் கெல்ப். கடலடிக் கல்லைப் பற்றிக்கொண்டு, காற்றுப் பைகளின் மிதப்பில் முப்பது மீற்றருக்கு மேலே எழுந்து, நீர்மட்டத்தில் கூரை போடும். வாய்ப்பான காலத்தில் நாளொன்றுக்கு அரை மீற்றர் வளரும். வேர் கிடையாது, தண்டால் உறிஞ்சிக் குடிப்பதும் இல்லை. சுற்றியுள்ள தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தைத்தான் உடம்பெல்லாம் வாங்கிக்கொள்ளும். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரில் அந்தச் சத்து உண்டு. வடக்கிலிருந்து வரும் கிழக்கு அவுஸ்திரேலிய நீரோட்டம் சூடானது, சத்துக் குறைந்தது. முன்பு வழியிலேயே களைத்துத் திரும்பிய அந்த நீரோட்டம் இப்போது தஸ்மேனியாவின் கிழக்குக் கரையோரமாக இன்னும் தெற்கே போகிறது. உலகக் கடல்கள் சராசரியாகச் சூடாகும் வேகத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் அந்தக் கரையோரக் கடல் சூடாகியிருக்கிறது. வெப்பம் பாதி, பட்டினி பாதியாக, அந்தக் கரையின் இராட்சதக் கெல்பில் 95 சதவீதம் வரை அழிந்துவிட்டது. 2012இல் மத்திய அரசாங்கம் இதை அருகிவரும் சூழலியல் சமூகமாகப் பட்டியலில் சேர்த்தது. கடலுக்குள் வாழும் ஒரு சமூகம் அந்தச் சட்டத்தின்கீழ் இடம்பெற்றது அதுவே முதல்முறை.

கூரை போட்ட இராட்சதக் கெல்ப் போனாலும், அதற்குக் கீழே இடுப்பளவு நிற்கும் பொன்னிறக் கெல்ப் மிஞ்சியிருந்தது. அதை அழிக்க அதே நீரோட்டம் ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தது: நீள்முள் கடல் முள்ளெலி, உருண்டை உடம்பெல்லாம் முள் நிற்கும் சிறு கடற்பிராணி. நியூ சவுத் வேல்ஸில் அது உள்ளூர்ப் பிராணி. அதன் குஞ்சுகள் பிழைக்கக் குளிர்காலத்திலும் தண்ணீர் 12 பாகையளவு சூடாயிருக்க வேண்டும். தஸ்மேனியாவின் கிழக்குக் கடல் அந்தக் கோட்டைத் தாண்டியதும் அவை குடியேறிவிட்டன. தஸ்மேனியக் கரையில் முதலில் கண்டது 1978இல். 2016-17 கணக்கெடுப்பில் கிழக்குக் கரையில் சுமார் 2 கோடி. பாசியை அடியோடு தின்று, கல்லை வழித்து மொட்டையாக்கிவிடும். அப்படி மொட்டையான பார் 2001-02இல் 3 சதவீதமளவில் இருந்தது, பதினைந்து ஆண்டில் 15 சதவீதமாகிவிட்டது. கடலடியை வழித்தெடுத்தால் என்ன மிஞ்சும் என்று வடமராட்சிக்காரனுக்கும் மன்னார்க்காரனுக்கும் யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இழுவை மடிக்கு எதிராக எத்தனை ஆண்டு கத்தி, 2017இல்தானே இலங்கையில் தடைச் சட்டமே வந்தது.

மொட்டையானபின் முள்ளெலி பட்டினியால் செத்துப்போகும், காடு திரும்ப வரும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அது சாகாது. உடம்பைச் சுருக்கிக்கொண்டு, கல்லில் படரும் மெல்லிய பாசிப் படிவைச் சுரண்டித் தின்றுகொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஒரு முளை தலைகாட்டினால் அதையும் தின்றுவிடும். அதனால் பாதியைக் குறைத்தால் பாதிக்காடு வரும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. மொட்டைப் பாரில் கிட்டத்தட்ட முழுவதையும் அகற்றினால்தான் காடு முளைக்கும். காடு நிற்கும்போதே காப்பது, போனபின் மீட்பதைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

அந்த முள்ளெலியைத் தின்ன ஆளில்லாமலும் இல்லை. பெரிய சிங்க இறால் தின்னும். ஆனால் ஓடு 14 சென்ரிமீற்றரளவு வளர்ந்த பெரிய இறாலால்தான் அந்த நீள் முள்ளைச் சமாளிக்க முடியும். அந்த அளவுக்கு வளருமுன்பே நாம் பிடித்துவிடுகிறோம். கிறிஸ்மஸ் மேசையில் வைக்கும் சிங்க இறாலுக்கும் கடலடியில் மொட்டையாகும் கல்லுக்கும் இடையில் இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

தஸ்மேனிய அரசாங்கம் சுழியோடிகளுக்கு மானியம் கொடுத்து முள்ளெலியைப் பிடிக்க வைக்கிறது. அதன் சினைக்கு வெளிநாட்டில் நல்ல விலை. (நான் ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்தேன். ஒருமுறை போதும்.) 2023இல் செனட் குழு ஒன்று விசாரித்து, இந்த முள்ளெலியைக் கட்டுப்படுத்த ஐந்து ஆண்டுக்கு 5.5 கோடி டொலர் ஒதுக்குமாறு பரிந்துரைத்தது. பவளத்துக்குப் போன அந்த 44 கோடியை மனதில் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள்.

என் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, சுத்தியலால் முள்ளெலியை உடைக்கிறார்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "அதுவும் ஒரு உயிர்தானே?" ஓம், உயிர்தான். சூடான தண்ணீர் வழிவிட்டது, அது வந்தது. அதன்மேல் குற்றமில்லை. கடல் சூடாவதை நிறுத்தாமல் முள்ளெலியை மட்டும் அடிப்பது நிரந்தரத் தீர்வும் அல்ல. காலத்தை வாங்குகிறோம், அவ்வளவுதான். ஹோபார்ட்டில் ஆய்வாளர்கள் தப்பிப் பிழைத்த இராட்சதக் கெல்பிலிருந்து வெப்பம் தாங்கும் வகைகளைத் தேடி எடுத்து நட்டுப் பார்க்கிறார்கள். அந்த வேலைக்கு இந்தக் காலம் தேவை. அம்மாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும் முழுவதும் பிடித்த பதில் அல்ல.

பேர்த்தில் இருப்பவர்களுக்கு: 2011 கோடையில் வந்த கடல் வெப்ப அலைக்குப் பின் உங்கள் வடக்கே கெல்ப் காட்டின் எல்லை 100 கிலோமீற்றர் தெற்கே சுருங்கிவிட்டது. வெப்ப மண்டல மீன்கள் வந்து முளைகளை மேய்வதால் அது திரும்பவில்லை.

அடிலெய்ட்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 மார்ச்சில் ஃபுளூரியூ தீபகற்பத்தின் கரைகளில் நுரை ஒதுங்கி, அலையில் சறுக்கப் போனவர்களுக்குக் கண் எரிந்து இருமல் வந்ததில் தொடங்கி, மாதக்கணக்கில் திருக்கையும் சுறாவும் நண்டும் செத்து ஒதுங்கியதைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். உங்கள் மாநிலத்தின் கடல் சின்னமான இலைக் கடல்டிராகன் மீனும் அதில் ஒதுங்கியது. வழமையைவிட இரண்டு பாகைக்கு மேல் சூடான கடலில் நச்சுப் பாசி பூத்ததன் விளைவு அது. அந்த மாதங்களில் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். 'மீன் வாங்கலாமா?' அதற்குமேல் ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை.

நல்ல செய்தி சிட்னியில் இருக்கிறது. மேலே சொன்ன கிரேவீட், கழிவுநீர் கரையோரமாகக் கொட்டப்பட்ட காலத்தில் நகரத்தை ஒட்டிய 70 கிலோமீற்றர் கரையிலிருந்து எண்பதுகளுக்குள் முற்றாக மறைந்துவிட்டது. மறைந்ததையே கனகாலம் யாரும் கவனிக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கழிவுநீரை ஆழ்கடலுக்குள் விடும் குழாய்கள் போட்டபின் தண்ணீர் தெளிந்தது. ஆனால் பாசி தானாகத் திரும்பி வரவில்லை. 2011 முதல் ஆய்வாளர்கள் வேறு கரைகளிலிருந்து ஆண் கிரேவீட்டையும் பெண் கிரேவீட்டையும் (ஆமாம், அதில் ஆண் பெண் உண்டு) கொண்டுவந்து, வலைப் பாயில் கட்டி, பாயைக் கல்லில் ஆணியடித்து விட்டார்கள். அவை குடும்பம் நடத்தின. குஞ்சுகள் பக்கத்துக் கல்லில் முளைத்தன, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டன. கூஜிக்கோ பொண்டாய்க்கோ குளிக்கப் போகிற வென்ட்வேர்த்வில் தமிழர் அந்தக் குடும்பத்தின் தலைக்கு மேலேதான் நீந்துகிறார்கள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

முதலில் பாடம். தமிழ்ப் பாடநூலில் குமரிக்கடலும் வேண்டும், பாரியர் ரீஃபும் இருக்கட்டும். கூடவே பிள்ளை நடந்து போகும் தூரத்தில் உள்ள கடலுக்கும் ஒரு பாடம் வையுங்கள். விக்டோரியாவின் கடல் சின்னம் பாசிக் கடல்டிராகன். கடற்குதிரைக்கு ஒன்றுவிட்ட சகோதரம், தகப்பன் வாலடியில் முட்டையைச் சுமப்பது. பாலர் பிரிவுக்கு இதைவிட நல்ல கதை உண்டா? வயது வந்த பிள்ளைகளுக்கு, தஸ்மேனியாவின் பூர்வகுடிகள் எருதுக் கெல்பின் தடித்த தோலை மடித்துக் குச்சி கோத்துத் தண்ணீர்ப் பாத்திரம் செய்ததைச் சொல்லுங்கள். அவர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கோத்துவரும் மாலைகளின் ஒளிரும் சிறு சிப்பி கெல்பில்தான் வாழ்கிறது. காடு போனால் மாலையும் போகும். மொழியைக் காக்கப் பாடசாலை நடத்துகிற நமக்கு அந்தக் கவலையின் பாரம் தெரியும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. ஒரு நீண்ட வார விடுமுறையில் மெல்பேர்ன் விரிகுடாக் கரையொன்றில் நம்மவர் இரண்டு குடும்பம் வாளியோடு கல்லிடுக்கில் மட்டியும் நத்தையும் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மீன்வளத் திணைக்கள அலுவலர் வந்தார். போர்ட் பிலிப் விரிகுடாவில் கரையிலிருந்து இரண்டு மீற்றர் ஆழம்வரை சிப்பி, நத்தை வகை எதையும் எடுக்கக் கூடாது என்ற விதி அவர்களுக்குத் தெரியாது. நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த ஐயா, "ஊரில ஆரும் கேக்க மாட்டினமே தம்பி" என்றார். அவர் களவெடுக்க வந்தவரல்ல. விதியை அவருடைய மொழியில் யாரும் சொல்லவில்லை. பொங்கல் விழா மலரில் நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே ஒரு பக்கம் ஒதுக்கி, உங்கள் மாநிலத்தில் எதை எடுக்கலாம், எத்தனை எடுக்கலாம், எங்கே தொடவே கூடாது என்று தமிழில் போடுங்கள். அபலோனி என்ற கடல் நத்தைக்கும் சிங்க இறாலுக்கும் உள்ள எண்ணிக்கை, அளவு வரம்புகளைச் சேர்த்துப் போடுங்கள்.

பிறகு எழுத்து. கடற் பூங்கா எல்லை, இறால் பிடி அளவு, முள்ளெலி நிதி என்று அரசாங்கங்கள் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் மீன்பிடித் துறையினர் எழுதுகிறார்கள், சூழல் அமைப்புகள் எழுதுகின்றன. தமிழ்ச் சங்கம் ஒன்று எழுதியதை நான் கண்டதில்லை. எழுதத் தெரியாதவர்களா நாம்? 2009இல் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்ட சமூகம். நாடுகடத்தப்பட இருந்த பிலோயிலா ஊர்த் தமிழ்க் குடும்பத்துக்காக அயலவரோடு சேர்ந்து கையெழுத்துத் திரட்டிய சமூகம். அந்தக் கை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கு மேல். எந்தத் தொகுதி உறுப்பினரும் நம் கடிதத்தைக் கிழித்துப் போட மாட்டார்.

எங்கள் கடல் அங்கே எரிகிறது, இந்தக் கடலுக்கு ஏன் என்று சிலர் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். என் பிள்ளைகள் குளிக்கும் கடல் இதுதான் என்பதைத் தவிர எனக்கு வேறு மறுமொழி இல்லை.

கடைசியாக ஒரு அழைப்பு. 2002இல் விக்டோரியா உருவாக்கிய கடற் சரணாலயங்களில் மூன்று, நம்மவர் நிறைய இருக்கும் பக்கங்களுக்கு அருகிலேயே உண்டு: மேற்கே பொயின்ட் குக், வில்லியம்ஸ்டவுனில் ஜோபோன், தென்கிழக்கே பியூமாரிஸில் றிக்கெட்ஸ் பொயின்ட். மூன்றாவதை எனக்கு நன்றாகத் தெரியும். 46 வயதில் மகனோடு சேர்ந்து நீச்சல் பழகியவன் நான், வீரனல்ல. நெஞ்சளவு தண்ணீரில் முகத்தை வைத்தாலே பொன்னிறக் கெல்ப் ஆடுவது தெரியும். சில இடங்களில் உள்ளூர்க் குட்டைமுள் முள்ளெலி பெருகி மொட்டையாக்கிய கல்லும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிள்ளைக்குப் பேச்சுப் போட்டிக்கு யாரும் எழுதிக் கொடுக்கத் தேவைப்படாது.

மாசி மாதத்தில் தண்ணீர் கொஞ்சம் சூடாயிருக்கும். ஒரு ஞாயிறு, வற்று நேரம் பார்த்து, பெற்றோரோடு பத்துப் பத்துப் பிள்ளைகளாகக் கூட்டிப் போக நான் தயார். நீர்க் கண்ணாடி என்னிடம் ஆறு இருக்கிறது. சிறுவர் அளவில் நீச்சல் மேலங்கி மூன்று. முதலில் எழுதும் பாடசாலைக்கு முதல் ஞாயிறு. மேலங்கி மூன்றில் ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்; அது மென்டோன் பையனுக்கு.

அன்புடன்,
ஒரு தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர்
மெல்பேர்ன் தென்கிழக்கு